துரை பிடுங்கிப் போட்ட சுவர்கள்

என் ஆசை மச்சான் கதிர்வேலுக்கு, கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கிற உன் மச்சான் எழுதுவது.

நீ இருக்கும் இடத்தில் குளிர் எப்படியோ தெரியவில்லை. இங்கே டயகமப் பக்கம் காலையில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கிறது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற பெண்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உன் வாசலைத் தாண்டும்போது இன்னமும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றிக் கேட்க மாட்டாய். கட்டிய பெண்டாட்டியைப் பற்றிக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பாய். "செவலை எப்படியிருக்கு?" அதுதானே? சொல்கிறேன், கொஞ்சம் பொறு. உன்னைக் காக்க வைக்கிற வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நம் வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் போடக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், கோபப்படாதே. அடுத்த டிவிசன்காரர்களுக்குக் கதிர்வேலு யார் என்று தெரிய வேண்டாமா?

கதிர்வேலு என் தங்கச்சி பாக்கியத்தைக் கட்டியவன். காலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போவான், வேலை விட்டு வந்ததும் மாட்டுக்கு மானாப்புல் அறுக்கப் போவான். லயத்து வரிசையில் கடைசி அறையான தன் காம்பராச் சுவரோடு ஒட்டி, பழைய தகரத்தையும் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளையும் வைத்து அவனே ஒரு மாட்டுப்பட்டி கட்டினான். அதில் ஒரே ஒரு பசு. அதற்குப் பேர் செவலை. புருஷன் பெண்டாட்டிக்குப் பிள்ளை இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று வாசல் திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது. இனி நீயும் நானும் பேசலாம்.

நீ போன மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு வந்தது மச்சான். பெரட்டுக் களத்தில் பெரிய கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். லயத்தோடு ஒட்டியிருக்கிற மாட்டுப்பட்டிகளை எல்லாம் தைப்பொங்கலுக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும். ஈ மொய்க்கிறதாம், நாற்றமாம், பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வருகிறதாம். மாடு வைத்திருக்கிறவர்கள் விற்றுவிடலாம் என்றார். ஏதோ பழைய சாக்கை விற்கச் சொல்வது போலச் சொன்னார்.

ஈ மொய்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மொய்க்கத்தான் செய்தது. ஆனால் லயத்துக்குப் பின்னால் உடைந்து நிற்கிற கக்கூஸ் சாக்கடைக் கானுக்கு மேலே மொய்த்தது எல்லாம் எந்த மாட்டுக்குச் சொந்தம்? அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாக்கியம் அன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. பட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய், "என்ன தங்கச்சி, மனச விட்றாத" என்று வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அவரக் கொண்டுபோய் மண்ணுல வச்சாச்சு. இதக் கொண்டுபோய் விக்கச் சொல்றீங்களா? அப்புறம் அந்தக் காம்பராவுக்குள்ள நான் யாருக்காக விளக்கேத்துறது?"

உன் அண்ணன் வேறு, அவளைப் பட்டிப்பொலப் பக்கம் தன் காம்பராவுக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அங்கே போனால் அடுப்பு அவருடையது, வாசல் அவருடையது, இவள் மூலையில் கிடக்கிற பாய். மாடும் அதன் பால் காசும் இருக்கிற வரைக்கும்தான் பாக்கியம் தன் காம்பராவில் தன் இஷ்டத்துக்கு இருக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது.

அக்கரபத்தனையில் உனக்குப் புண்ணாக்கு விற்ற முஸ்லிம் கடைக்காரர், நம் கடை நானாவும் வந்தார். செவலையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். "தங்கச்சி, நான் வாங்கலேன்னா வேற ஆளு வருவான். அவன் வளக்கிறதுக்கு வாங்க மாட்டான். எங்கிட்ட இருந்தா நீங்க வந்து பாத்துட்டுப் போகலாம். அவசரமில்ல, பொங்கல் வரைக்கும் பாருங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மாட்டை விடுகிற மாதிரி இருந்தால் அவரிடம்தான் விட்டிருப்போம்.

தொழிலாளர் சங்கத் தலைவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசிப் பார்த்தார். லயத்தைவிட்டு எட்ட, எல்லா மாட்டுக்கும் பொதுவாக ஒரு பட்டி கட்டித் தந்தால் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார். அவர் தமிழில் பேசியதைக் கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் பாதியாக்கிச் சொன்னார். துரை கையை உதறிவிட்டுத் தன் தோட்டத் தமிழில், "பேச்சு வேணாம். எப்பிடி இருக்கும், காட்டு" என்றாராம்.

தலைவர் திரும்பி வந்து, "எதக் காட்டச் சொல்றாரு? இல்லாத பட்டிய எங்க போய் காட்டுறது?" என்று தலையைச் சொறிந்தார். கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். "நான் காட்டுறேன்" என்றேன். எனக்கு அப்போது எவ்வளவு கித்தாப்பு என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

மாதிரிப் பட்டி செய்வது என்று முடிவு. சும்மா பொம்மை வீடு இல்லை மச்சான், அச்சு அசலாக. அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஸ்டோரில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகையை டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கினேன். தூணுக்கு நீ வெட்டிப் போடுவாயே அந்த மிலாறு, தேயிலைக் குச்சி, அதில் நேராக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கினேன். பட்டை சீவினால் இரும்பு மாதிரி இருக்கிறது.

கூரைதான் என் பெருமை. பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள் இருக்கிறதே, அதைத் துண்டு துண்டாக நறுக்கினேன். விளக்குமாற்று ஈர்க்குகளை நெருக்கி அடுக்கி, அதன் மேல் தாளை வைத்து நகத்தால் அழுத்தி எடுத்தால் நெளிநெளியாகத் தகரம் வந்துவிடுகிறது! ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்கிற மாதிரி, மழைத் தண்ணீர் உள்ளே போகாத மாதிரி, நிஜத் தகரத்தை எப்படிப் போடுவோமோ அப்படியே போட்டேன். கூரை உச்சியில் காற்றுப் போக ஒரு குட்டிக் கூரையும் வைத்தேன், ஸ்டோர் கூரையில் இருக்கிற மாதிரி.

தரைக்கு நிஜமான சீமெந்தைச் சலித்துப் பூசினேன், பின்பக்கம் சாய்வாக. அத்திவாரத்துக்கு ஆற்று மணலில் பருக்கைக் கல்லைப் பொறுக்கி வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். பின்னால் ஒரு கான். அதில் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றினால் ஓடிப் போய்க் கடைசியில் உள்ள குழியில் விழும். பலகை புதிதாகத் தெரியக் கூடாது என்று கடும் சாயத் தேத்தண்ணீரை மேலே பூசிக் காயவைத்தேன். தேயிலைச் செடியில் பிடித்திருக்கிற பாசியைச் சுரண்டி வந்து சுற்றிலும் புல்லாக வைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் குனிந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பாக்கியம் மட்டும் கதவையும் தடுப்பையும் விரலால் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி, புடிக்கலையா?"

"கூரை நல்லாருக்கு."

"கூரை மட்டுமா?"

"அண்ணே, இதுல மாடு எங்க திரும்பும்? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அடைச்சிருக்கீங்க. முன்னுக்கு ஒரு கதவு, ரெண்டு பக்கமும் ஜன்னல். சாணிய நான் எந்தப் பக்கமாத் தள்றது? எங்க குந்திப் பால் கறக்கிறது? பக்கத்து மாட்டப் பாக்காட்டி செவலை ராவும் பகலும் கத்துமே."

"அதான் ஜன்னல் வச்சிருக்கேன்ல. எட்டிப் பாக்கட்டும்."

"இது பட்டி இல்லண்ணே. இது நம்ம காம்பரா." அப்புறம் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அவரு இருந்தா சொல்லியிருப்பாரு, பெட்டி அடிக்கிறவனுக்கு ஒலகமே பெட்டின்னு."

சொல்லியிருப்பாய். சும்மாவா விட்டிருப்பாய்? ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுவர் இல்லாமல் நாலு தூணும் கூரையும் கொண்டுபோய்த் துரை முன்னால் வைத்தால் அதில் வேலைப்பாடு என்ன இருக்கிறது? சரி, அப்படியென்றால் ஒரு மாட்டையாவது செய்து உள்ளே நிறுத்துங்கள் என்றாள். என் கைக்கு நேர்கோடுதான் வரும், மாடு வராது என்றேன். அவளே களிமண்ணில் ஒரு செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொம்பு, திமில், தொங்குகிற மடி எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அது கதவுக்குள் நுழையவில்லை. நான் "உன் மாடு கணக்குத் தப்பு" என்றேன். அவள் "உங்க கதவு தப்பு" என்றாள். கடைசியில் மாடு வீட்டிலேயே நின்றுவிட்டது.

பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால் துரை ஆபீசுக்குக் கொண்டுபோனோம். நானும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, தலைவர் முன்னால் வழி விடச் சொல்லிக்கொண்டே நடக்க, பின்னால் பாக்கியமும் மாட்டுக்காரர்களும். ஏதோ சாமி தூக்கிப் போகிற மாதிரி இருந்தது. ஆபீஸ் வராந்தாவில் இறக்கி வைத்தோம். அரிசிக் கணக்குக்கு வந்த சனமும் கீழே நின்று எட்டிப் பார்த்தது.

துரை வெளியே வந்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். குனிந்து கூரைத் தகரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "யார் செஞ்சது?"

"நான்தாங்க தொர."

"நல்ல வேலை" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு சுற்றி வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் மாட்டுப்பட்டி காட்டச் சொன்னான். நீ புது லயம் கொண்டாறான்?"

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். துரை விடவில்லை. பைப்பின் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "சீமெந்துத் தரை. ரெண்டு பக்கம் ஜன்னல். கூரைக்கு மேலே காத்துப் போற வழி. பின்னாலே தண்ணி ஓட கான். ஒரு காம்பராவுக்கு இவ்வளவு யாரு குடுப்பான்? இந்த ஆளுக இருக்கிற லயத்துக்கு என்னா கொறைச்சல்?"

அப்போதுதான் பாக்கியம் முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"தொர, இது ஆளுகளுக்கு இல்லீங்க. மாட்டுக்குங்க."

கணக்கப்பிள்ளை அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவில்லை. துரைக்கு அது புரிந்துவிட்டது. பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கீழே யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போது என்ன ஆயிற்று என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு அழுகை வந்தது மச்சான். துரை திட்டியதற்கு இல்லை. என் கை என்ன செய்திருக்கிறது என்று அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் பிறந்தது லயத்தில், வளர்ந்தது லயத்தில். ஒரு உயிர் தங்குவதற்கு இடம் கட்டு என்றால் என் கைக்குக் காம்பராதான் வருகிறது. காம்பராவைக் கட்டிவிட்டு, அதில் இல்லாதது எல்லாவற்றையும் மாட்டின் பேரில் சேர்த்திருக்கிறேன். புகை போக வழி. வெளிச்சத்துக்கு ஜன்னல். வாசலில் தண்ணீர் தேங்காமல் கான். கேட்டால் தர மாட்டார்கள் என்று எனக்காக நான் ஒரு நாளும் கேட்காதவை அவை. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

துரை என்ன செய்தார் தெரியுமா? மாதிரிக்குள் கையை விட்டார். முதல் தடுப்புச் சுவரைப் பிடித்து ஒரு திருகு திருகினார். பலகை சடக்கென்று கழன்று வந்தது. அதை வராந்தாவில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு முன் சுவர், கதவுகள், ஜன்னல்கள். எத்தனை நாள் உட்கார்ந்து இழைத்தது! கடைசியில் மிஞ்சியது தூண், கூரை, சாய்வான தரை, கான்.

"மாட்டுக்கு இது போதும்" என்றார்.

நான் தங்கச்சி முகத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. "இதத்தாங்க தொர நானும் சொன்னேன்! இதுல தாராளமா நிக்கும், சாணிய ஒரே தள்ளாத் தள்ளிறலாம்" என்று அவரிடமே ஆரம்பித்துவிட்டாள். துரை கொஞ்சம் திகைத்துத்தான் போனார். லயத்துக்கு எட்ட இருக்கணும், கான் எப்போதும் ஓடணும், ஈ வந்தால் பட்டி போய்விடும் என்றார். ஸ்டோரில் கழற்றிய பழைய தகரத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாயா, இல்லை என் தோளில் கை போட்டிருப்பாயா? இரண்டையும் செய்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து கட்டினோம். ஆற்றுக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில். கூரை நான் போட்டேன், அதில் யாரையும் கை வைக்க விடவில்லை. மற்றதெல்லாம் பாக்கியம் சொன்னபடி. உன் பட்டியை அவளே பிரித்தாள். கடைசிப் பலகையைக் கழற்றும்போது மட்டும் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு செவலையைப் புதுப் பட்டிக்கு நடத்திப் போனாள். மாட்டுப் பொங்கலன்று அங்கேதான் பொங்கல் வைத்தோம். கடை நானா புண்ணாக்கு மூட்டையோடு வந்து, "மாட்டக் கேக்க வரல தங்கச்சி, பொங்கலுக்குத்தான் வந்தேன்" என்றார்.

செவலை இருக்கிறது மச்சான். போன மாதம் கன்றும் போட்டிருக்கிறது, கிடேரி. உன் அண்ணனுக்குப் பாக்கியம் ஒரு போத்தல் நெய் கொடுத்தனுப்பி, "நான் வரல்ல, நீங்கதான் வந்து பாத்துட்டுப் போகணும்" என்று சொல்லச் சொன்னாள். கேட்டாயா? உன் பெண்டாட்டி இப்போது தோட்டத்திலேயே ரொம்பக் கண்டிப்பான ஆள். கானில் ஒரு தும்பு கிடந்தாலும் மற்ற மாட்டுக்காரர்களைப் போட்டு வறுத்து எடுக்கிறாள்.

இனி என் விஷயம். துரை பிடுங்கிப் போட்ட சுவர்களை நான் வராந்தாவில் விட்டுவிட்டு வரவில்லை. எல்லாவற்றையும் தலைத்துண்டில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கொஞ்சம் முனை ஒடிந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது மறுபடியும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதே அடிக்கு ஒரு அங்குலம். இரண்டு அறை, தனி அடுப்படி, புகைபோக்கி. பின்னால் தனியாக ஒரு கக்கூஸ்.

கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "நம்ம ஆளுகள சிலோன விட்டு இந்தியாவுக்கு அனுப்பப் போறதாப் பேசிக்கிறாங்க. இவன் இங்க வீடு கட்டுறான் பாருங்க" என்கிறார். பேசிக்கொள்கிறவர்கள் பேசட்டும். என் அப்பனும் ஆத்தாளும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள், நீயும் இருக்கிறாய். நாங்கள் எங்கே போவது?

பாக்கியத்திடம் சொல்லி மண்ணில் ஆட்கள் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் மாட்டைக் கணக்குத் தப்பு என்றேன் இல்லையா, இந்தத் தடவை அவள் ஆட்களைப் பிடித்த பிறகுதான் நான் கதவை அதற்கேற்ப மாற்றி அறுக்கப் போகிறேன். ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, கொழுந்துக் கூடை, அடுப்பு. யார் பார்த்தாலும் உள்ளே இருப்பது யார் என்று கேட்கக் கூடாது.

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன் மச்சான். அதே வராந்தாவுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போவேன். துரை பைப்பால் காட்டி இவ்வளவும் யாருக்கு என்று கேட்டால், தங்கச்சி முன்னால் வர வேண்டியிருக்காது. நானே வாயைத் திறந்து சொல்வேன்: "எங்களுக்குங்க தொர."

இப்படிக்கு,
உனக்குப் பெண் கொடுத்தவன், உன் செவலைக்குக் கூரை போட்டவன்,
மச்சான் சின்னையா